ஹவல்தாரை நம்பாத ஆறுமுகத்தாய்

மாட்டுங்காவில் பூக்கடைகள் இருக்கும் தெருவின் கோடியில், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால்தான் ஆறுமுகத்தாய் படுப்பாள். மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொள்ள மாட்டாள். தலைக்கு வைத்தால் தூக்கத்தில் உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம். வயிற்றோடு அணைத்து, முந்தானையால் சுற்றி, முடிச்சைக் கைக்குள் பிடித்துக்கொண்டு தூங்குவாள். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவர் முதலில் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருப்பாள். காலையில் பூக்கடைகளின் முன்னால் கிடக்கும் காம்பையும் வாழைநாரையும் கூட்டி அள்ளுவது அவள் வேலை. அதற்குக் கிடைப்பதில் சாப்பாடு ஓடியது.

பிறக்கும்போதே அவள் அப்படி இருக்கவில்லை. ஆலங்குளத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது எல்லோரையும் நம்பத்தான் செய்தாள். புருஷன் பெல்ட் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். ஏணி வைத்து ஏறும் மாடி அறை ஒன்று சொந்தமாக இருந்தது. பிள்ளை இல்லை. மஞ்சள் காமாலை வந்து புருஷன் போனபிறகு, கொழுந்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினான்.

“மதினி, ஊருக்குப் போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும். அதுக்குள்ள நான் வீட்டுக்கு டைல்ஸ் போட்டு வைக்கேன்.”

அவள் திரும்பி வந்தபோது டைல்ஸ் போட்டிருந்தது. அந்த டைல்ஸின் மேல் யாரோ ஒரு குடும்பம் ஸ்டவ் பற்றவைத்துச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தது. அறையை விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்றார்கள். கொழுந்தன் டோம்பிவிலிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் ஒருவர் வந்து, “இது குடும்ப விவகாரம், வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்” என்று இந்தியில் சொல்லி அனுப்பினார். எந்த வீட்டில் என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அதன்பிறகு காக்கியோடு அவளுக்கு இருந்த பழக்கமெல்லாம் வேறு மாதிரி. விடியுமுன் லத்தியால் ஷட்டரைத் தட்டி எழுப்புவார்கள். ஒருமுறை ஒருவர் படுக்கையின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டினார். இன்னொருமுறை லாரி வந்து நடைபாதையில் இருந்த எல்லா மூட்டைகளையும் அள்ளிக்கொண்டு போனது. புருஷனின் ஒரே போட்டோ அதில் போயிற்று. காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே எழுந்து நடக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு மே மாதக் காலையில் அப்படி எழுந்து நடக்க முடியவில்லை. இருமல் வந்து ஷட்டரில் சாய்ந்துவிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஹவல்தார் ஒருவர் எதிரில் நின்றார். அவருக்குப் பின்னால், எதிர்க் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரடரி மகாதேவன் நின்றார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இவதான்,” என்றார் மகாதேவன். “பொல்லாதவன்னு என்னை நினைக்காதேங்கோ. ரெண்டு வருஷமா இங்கே படுத்துண்டிருக்கா, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா வாட்டர் மீட்டரைக் கழட்டிண்டு போயிட்டா. கீழே இருந்த பித்தளைக் குழாய் ஒண்ணு பாக்கியில்லை. கட்டடம் பூரா தண்ணி இல்லை. ராத்திரி பூரா வாசல்ல இருக்கறது வேற யாரு?”

ஹவல்தார் பூக்கடைக்காரரிடம் ஒரு காலிக் கூடையை வாங்கிக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். சட்டையில் ‘நயினார்’ என்று பெயர் இருந்தது. அது அவளுக்கு வாசிக்கத் தெரியாத மராத்தி எழுத்தில் இருந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்ததும் தாமிரபரணித் தமிழ் வந்தது.

“உங்க பேரு என்னக்கா?”

இரண்டு கெஜம் தள்ளி, ரயில்வே படிக்கட்டில் ஊக்கும் கிளிப்பும் விற்கும் ஆபிதா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் அதே நடைபாதையில் படுப்பவள். நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஆறுமுகத்தாய் மூட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கொழுந்தனும் இதே தமிழில்தான் பேசினான்.

“பார்வதி,” என்றாள்.

“மூட்டையில என்ன வச்சிருக்கீய?”

“துணி.”

“பாக்கலாமா?”

“வேண்டாம்.”

மகாதேவன் முன்னால் வந்தார். “பாத்தேளா? ஒண்ணுமில்லேன்னா காட்டறதுக்கென்ன?”

நயினார் அவரைத் திரும்பிப் பார்த்தார். “சார், நீங்க உள்ள போங்க. நான் விசாரிச்சிட்டு வந்து சொல்றேன்.” அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு அவளிடம் சொன்னார்: “பொம்பளையாளு மூட்டையில நான் கை வைக்க மாட்டேங்க்கா. ஸ்டேஷன்லேர்ந்து லேடி கான்ஸ்டபிளை வரச் சொல்லணும்னா சொல்லுதேன். இல்ல, இந்தப் பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்களே தெறந்து காட்டினாலும் சரி. எப்படி சவுரியம்?”

எப்படி சவுரியம் என்று ஒரு போலீஸ்காரர் கேட்டதே அவளுக்குப் பொறி மாதிரிப் பட்டது. லேடி கான்ஸ்டபிள் என்றால் வேன் வரும், வேன் வந்தால் பிச்சைக்காரர்களை அடைக்கும் இடத்துக்குப் போகும் என்று கணக்குப் போட்டாள். ஆபிதாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, முடிச்சை அவிழ்த்தாள்.

இரண்டு சேலை, ஒரு போர்வை, தட்டு, டம்ளர். போர்வையின் மடிப்பில் மாத்திரை அட்டைகள். அவள் அவற்றைச் சட்டென்று கையால் மூடினாள். நயினார் பார்த்துவிட்டார். தாராவியில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த அட்டை எந்த நோய்க்கு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. மாநகராட்சி மருந்தகத்தில் சும்மா தரும் டிபி மாத்திரை. பூக்கடைக்காரர்களுக்குத் தெரிந்தால் மறுநாளே துடைப்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவள் மறைத்து வைத்திருந்தாள். ஆபிதாவுக்கே இருமல் மாத்திரை என்றுதான் சொல்லியிருந்தாள்.

“கட்டிக்கிடுங்க,” என்று எழுந்தார் நயினார்.

மறுபடி கேட்டுக்கு வெளியே வந்து காத்திருந்த மகாதேவன் கேட்டதும், நயினார் சொன்னதும் இவளுக்கு நன்றாகக் காதில் விழுந்தன.

“மீட்டர் இருந்ததா?”

“இல்ல சார்.”

“பின்ன அவ்வளவு நேரம் என்ன இருந்தது மூட்டையில?”

“அது அவங்க சாமான் சார்.”

அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. மகாதேவனிடம் சொல்லாதது பெரிதில்லை. சொல்லாமல் வைத்திருப்பவன் பின்னால் எதற்கோ பயன்படுத்தத்தான் வைத்திருப்பான் என்று தோன்றியது. இடத்தை மாற்றிவிடலாமா என்று ஆபிதாவிடம் கேட்டாள்.

“உனக்குக் கிறுக்கா யக்கா? மரியாதையாத்தானே பேசுனாரு.”

“மரியாதையாப் பேசுறவனைத்தான் பாத்துக்கிடணும்.”

இடம் மாற்ற முடியவில்லை. மருந்தகம் பக்கத்தில் இருந்தது. இரண்டு மாதமாக விடாமல் சாப்பிட்டுவந்த மாத்திரை. வேறு எங்கே போனாலும் முதலிலிருந்து விளக்கம் சொல்லவேண்டும்.

நயினார் அடுத்தடுத்து வந்தார். தன் ரோந்துப் பகுதியான பீட்டைச் சுற்றும்போது கூடையைக் கவிழ்த்து உட்காருவார். லத்தியைச் சைக்கிளிலேயே விட்டுவிட்டு வருவார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, “மாத்திரைய நேரத்துக்குச் சாப்பிடுறீயளா?” என்று கேட்டார்.

“எந்த மாத்திரை?” என்றாள்.

அவர் மறுபடி அதைக் கேட்கவில்லை. வெயிலைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினார். அதைக் கண்டு பூக்கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரன் எதற்கு இந்தக் கிழிந்த சேலைக்காரியோடு உட்கார்ந்திருக்கிறான்? உளவு சொல்கிறாளா? மகாதேவனுக்கு வேறு சந்தேகம். ஊர்ப்பாசத்தில் மூடி மறைக்கிறார் என்று ஸ்டேஷனுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதை நயினாரே அவளிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். “உமக்கு இதுல என்ன லாபம்?”

நயினார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “லாபம் என்னக்கா லாபம். கம்ப்ளெய்ன்ட் வந்தா நான்தான் வரணும். உங்கள அடிச்சு வெரட்டுனா அடுத்த ரோட்டுக்குப் போவீய. அந்த ரோடும் என் பீட்டுதான். அங்கேர்ந்து ஒருத்தர் கம்ப்ளெய்ன்ட் குடுப்பாரு. மறுபடியும் நான்தான் வரணும்.”

இந்தப் பதில் அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது. தர்மம், புண்ணியம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மூட்டையைத் தூக்கியிருப்பாள். தன் சவுகரியத்துக்காகச் செய்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அதைப் பாதியாவது நம்பலாம்.

அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. மீட்டர் போன அன்று விடியும் நேரத்தில், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் தள்ளுவண்டியோடு அந்தக் கேட்டுக்குள் போனதைப் பார்த்திருந்தாள். மாநகராட்சி ஆட்கள் என்று முதலில் நினைத்தாள். வெளியே வரும்போது வண்டியில் சாக்கு போட்டு மூடியிருந்தது. அவர்களில் ஒருவன் ஒரு காலைச் சாய்த்து நடந்தான். அவனை முன்பும் பழைய இரும்பு ஏற்றிப் போகும்போது கண்டிருக்கிறாள். சொன்னால் அவன் தேடி வருவான் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அதை எடுத்து நயினாரிடம் சொன்னாள். நம்பிக்கை வந்து சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கத்தான் சொன்னாள். இவர் தன் பெயரை வெளியே விட்டால், அந்த நொண்டிக்காலன் வந்து நின்றால், இவர் யாரென்று தெரிந்துபோகும். ஆபிதாவிடமும் சொல்லிவைத்தாள்: “யாராவது என்னையக் கேட்டு வந்தா ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு.”

சில நாட்கள் கழித்து, தேவ்நார் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மீட்டரும் குழாய்களும் அகப்பட்டதாக மகாதேவன் வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். யார் துப்புக் கொடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. “ஏதோ கேமராவில பாத்திருப்பா,” என்றார். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அவள் இன்னும் சில நாட்கள் காத்திருந்தாள். அப்போதும் வரவில்லை.

பிறகு ஒருநாள் நயினார் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மழைக்கு முன்னால இந்த நடைபாதையைத் தோண்டப் போறாங்க. எல்லாரையும் எழுப்பத்தான் செய்வாங்க. லாரி வந்தன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரியணும்னு இருக்கக்கூடாது, அதான் இப்பவே சொல்லுதேன். சாமானைப் பத்திரமா எடுத்துக்கிடுங்க.”

ஆபிதா எங்கே போவது என்று கேட்டாள்.

“பொம்பளையாளுக மட்டும் தங்குற ஷெல்டர் ஒண்ணு இருக்கு. செம்பூரைத் தாண்டி. வார்டன்கிட்ட பேசியிருக்கேன், இடம் இருக்கு.”

ஷெல்டர் என்றதும் ஆறுமுகத்தாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. இத்தனை நாள் கூடையில் உட்கார்ந்தது இதற்குத்தான். பிச்சைக்காரர்களை அடைக்கிற இடமும் செம்பூர்ப் பக்கம்தான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

“நான் பிச்சை எடுக்கல,” என்றாள். “கூட்டிப் பெருக்கிச் சாப்பிடுதேன்.”

“அது வேறக்கா. இது வேற. இங்க யாரும் அடைக்க மாட்டாங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

நயினார் பஸ் ஸ்டாப் பக்கம் கையைக் காட்டினார். “நீங்க என் பேச்சை நம்ப வேண்டாம். போய்ப் பாருங்க. நான் கூட வரல. வேன்ல கூட்டிட்டும் போகல. பிடிக்கலேன்னா திரும்பி வாங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்.” பஸ் எண்ணையும் இறங்கவேண்டிய ஸ்டாப்பையும் ஆபிதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவள் அதற்கு அடுத்த நாள் போனாள். முன்கூட்டித் தெரிந்தால் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? ஆபிதாவும் கூட வந்தாள். சயனில் பஸ் மாறி, செம்பூர் தாண்டி இறங்கினார்கள். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம். இரும்பு கேட். ஆறுமுகத்தாய் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஒரு வாதாமரத்தின் நிழலில் உட்கார்ந்தாள்.

“உள்ள போவோம் வா,” என்றாள் ஆபிதா.

“இரு. உள்ள போறவங்க வெளிய வாராங்களான்னு பாப்போம்.”

காலையிலிருந்து அவர்கள் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சேலைக்காரி ஒருத்தி பையோடு வெளியே போனாள். இரண்டு பெண்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு வயதானவள் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டு முடியை உலர்த்தினாள். ஆறுமுகத்தாய் ஒவ்வொருத்தியின் சேலை நிறத்தையும் மனதில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஆபிதா வடாபாவ் வாங்கி வந்தாள். சாப்பிடும்போதும் ஆறுமுகத்தாயின் கண் கேட்டைவிட்டு நகரவில்லை. ஒரு போலீஸ் ஜீப் தெருவில் வந்தபோது அவள் மூட்டையை இறுக்கினாள். ஜீப் நிற்காமல் போயிற்று.

வெயில் சாய்ந்தபோது நீலச் சேலை திரும்பி வந்தது. பையில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஆறுமுகத்தாய் எழுந்து ரோட்டைக் கடந்து அவளை மறித்தாள்.

“உள்ள வச்சுப் பூட்டுவாங்களா?” என்று உடைந்த இந்தியில் கேட்டாள்.

அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள். “ராத்திரி பத்துக்கு பூட்டுவாங்க. காலைல தொறப்பாங்க. சாவி கதவு பக்கத்துலயே ஆணியில தொங்கும்.”

“சாப்பாடு?”

“பருப்புல உப்பே இருக்காது. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

குறை சொல்ல ஒன்று இருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. குறையே இல்லை என்று சொல்லியிருந்தால் திரும்பி பஸ் ஏறியிருப்பாள்.

தோண்டும் நாள் வருவதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள். அன்று நயினார் சீருடை இல்லாமல் வந்து வாசலில் நின்றார். ஆபிதா வரவில்லை. பத்து மணிக்குக் கதவு சாத்தினால் தனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டாள். ரயில்வே படிக்கட்டை விட்டுத் தொலைவில் இருந்தால் வியாபாரமும் போகும். நயினார் அவளை வற்புறுத்தவில்லை. மழை ஒதுங்க ஒரு பள்ளிக்கூடத்துப் பின்புறத்தைக் காட்டி, அங்கேயுள்ள வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார்.

வார்டன் விஜயலட்சுமி பெயர் கேட்டாள்.

“ஆறுமுகத்தாய்.”

நயினார் திரும்பிப் பார்த்தார். “பார்வதின்னுல்லா சொன்னீய.”

“அது ஸ்டேஷனுக்கு.”

வார்டன் உள்ளே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்: “உங்க உடம்பு விஷயத்த நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லுங்க. சொன்னா முட்டையும் பாலும் சேத்துத் தருவாங்க. மாத்திரைய இங்கனேயே வாங்கிக்கிடலாம்.”

அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் வார்டனைக் கவனித்தாள். யாருடைய ரகசியத்தையாவது இன்னொருத்தியிடம் சொல்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம்தான் சொன்னாள். விஜயலட்சுமி முகம் சுளிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இனி அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் நடுவில் விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். தாராவி அறை பறிபோனதை ஒருநாள் நயினாரிடமும் சொன்னாள். இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் நயினார் பேசி ஏற்பாடு செய்தார். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வக்கீல் எதிர்த்தரப்பிடம் கை நீட்டுகிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் போய், முன்வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாத்திரை முடிந்தது. இருமல் நின்றது. செம்பூரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. ஷெல்டரில் பழக்கமான இரண்டு பேரோடு சேர்ந்து தேவ்நாரில் ஓர் அறை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவுக்குப் போய் ஆபிதாவைப் பார்த்துவிட்டு வருவாள். நயினாரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பூக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். மகாதேவன் கொடுத்த புகாராலா, இல்லை வழக்கமான மாற்றல்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. தன்னால்தானோ என்று அவள் பல நாள் யோசித்தாள். புதிதாக வந்திருக்கும் ஹவல்தார் வண்டியை விட்டு இறங்காமலே லத்தியை நீட்டிப் பேசுகிறார் என்று ஆபிதா சொன்னாள்.

போன ஆனி மாதத்தில் ஒரு மழைநாளன்று, வேலை முடிந்து பஸ் ஏறியபோது நயினார் முன் இருக்கையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் அவருக்குப் பிடிபடவில்லை. போலீஸ்காரருக்கே உரிய பார்வையில் அவளைக் கொஞ்ச நேரம் அளந்தார்.

“உங்கள எந்த ஸ்டேஷன்ல பாத்திருக்கேன்?”

“ஸ்டேஷன்ல இல்ல. பூக்கடை வாசல்ல. நீங்க கூடையில இருந்தீய.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உடம்பு தேறிவிட்டது, நல்லவேளை, அடையாளமே தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாற்றல் எதனால் என்று அவள் கேட்டாள். “எல்லாருக்கும் வர்றதுதான்க்கா,” என்றார். அது உண்மையா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மெஸ்ஸில் இன்று மிஞ்சியது என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு பருப்புவடையை எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே ஒன்றைத் தின்றார்.

“இப்ப எங்கன இருக்கீய?” என்று கேட்டார்.

அவள் ஒரு கணம் யோசித்தாள்.

“தேவ்நார் டெப்போகிட்ட இறங்கணும்,” என்றாள். சந்தின் பெயரைச் சொல்லவில்லை.

அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. பஸ் டெப்போவில் நின்றதும், வழியில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி அவள் இறங்க வழி விட்டார்.